ரைட்டு... ரைட்டு!

தெரியாத வார்த்தைக்குத் தலையாட்டுற பழக்கம் உங்கள்ல யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. கல்யாண வீட்டுல யாராவது "என்னைத் தெரியுதா தம்பி?"ன்னு கேட்டா, "ஓ, தெரியாம என்ன!"ன்னு சொல்லி அசடு வழியற ஜாதி நான். வெளிநாடு வந்தப்புறம் இது இன்னும் முத்திப் போச்சு. எதிர்ல நிக்கிறவர் சொன்னது பாதி புரியாது. ரெண்டு தடவை "என்ன சொன்னீங்க?"ன்னு கேட்டாச்சுன்னா மூணாவது தடவை கேக்க வெக்கம். சிரிச்சுக்கிட்டே ஒரு "யெஸ் யெஸ்".

கரையில இருந்த வரைக்கும் இதனால பெரிய நஷ்டம் ஒண்ணும் வரலை. தண்ணியில இறங்கினப்புறம்தான் அதோட விலை தெரிஞ்சது. கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்த விடறேன், பொறுத்துக்கோங்க.

நான் மதுரைக்காரன். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே கப்பல் தை மாசத்து மாரியம்மன் தெப்பம்தான். வைகையில தண்ணி வந்தா பாலத்து மேல நின்னு வேடிக்கை பாக்குற ஊரு. நீச்சல் கத்துக்கிட்டது கிணத்துல. அப்படிப்பட்டவன் பொழைக்க வந்து சேர்ந்த இடம் நியூசிலாந்துல ஆக்லாந்து. 'பாய்மரங்களின் நகரம்'னு இதுக்குச் செல்லப்பேரு. எந்தத் தெருவுல திரும்பினாலும் தெருக்கோடியில ஒரு துண்டு கடல் தெரியும். நம்ம ஊர்ல வாசல்ல டூ வீலர் நிக்கிற மாதிரி இங்க வீட்டு வாசல்ல டிரெய்லர்ல படகு நிக்கும்.

பாத்துப் பாத்து ஆசை வந்துடுச்சு. 2023 டிசம்பர்ல நானும் நண்பர் ஒருத்தரும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கினோம். நாலேகால் மீட்டர் நீளம். பின்னாடி 15 குதிரைத்திறன் அவுட்போர்டு. இங்க இதை 'டின்னி'ம்பாங்க. தகர டப்பாதானே, பொருத்தமான பேருதான். பாதிப் பங்கு அவரோடதுங்கறதால அன்னிலேர்ந்து அவர் எனக்குப் 'பங்காளி', நானும் அவருக்குப் 'பங்காளி'. அவருக்குத் தேனிப் பக்கம். கடலுக்கும் அவருக்கும் என்னைவிட இன்னும் எழுபது எண்பது கிலோமீட்டர் தூரம் :-)

இந்த ஊர்ல நாய் வளர்க்கப் பதிவு பண்ணணும். கார் ஓட்ட லைசென்ஸ் வேணும். ஆனா இந்த மாதிரி சின்னப் படகை ஓட்ட ஒரு லைசென்சும் வேண்டாம். காசைக் குடுத்தா படகு நம்மளுது.

"ஏங்க, இதை ஓட்டறதுக்கு ஏதாவது கத்துக்க வேணாமா?"ன்னு தங்கமணி கேட்டாங்க.

"அதான் இணையத்துல எல்லாம் கிடக்கே!"ன்னேன். சும்மா சொல்லலை. படகு வச்சிருக்கறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய வார்த்தைகள்னு ஒரு அமெரிக்கப் பக்கத்துலேர்ந்து நாலு தாள் அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினேன். முன்பக்கம் 'பவ்', பின்பக்கம் 'ஸ்டெர்ன்', இடப்பக்கம் 'போர்ட்', வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்'னு போகுது லிஸ்ட்டு. அப்போ ஒன்பது வயசான எங்க பொண்ணு பால் குடிச்சுக்கிட்டே அத்தனையும் மனப்பாடம் பண்ணிட்டா. நான் பண்ணலை. எனக்கு அதெல்லாம் வெள்ளைக் கால்சட்டை போட்ட பணக்காரங்க பந்தாவுக்குப் பேசற பாஷையாத்தான் பட்டுச்சு. இடதுன்னு ஒரு வார்த்தை நல்லா இருக்கும்போது அதுக்கு எதுக்கு இன்னொண்ணு?

முதல் நாள். படகுத்துறைச் சரிவுல டிரெய்லரைப் பின்னாடி தள்ளிக்கிட்டு இருக்கேன். பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் அக்கறையாக் கேட்டார், "பங் போட்டாச்சா?"

பங்! எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பங்காளியும் பங்குனி மாசமும்தான். ஆனா கேட்டிருப்பேனா? சிரிச்சேன். "யெஸ் யெஸ்."

படகு தண்ணியில இறங்கிச்சு. அஞ்சு நிமிஷத்துல என் செருப்பு மிதக்குது. அடியில சில்லுன்னு தண்ணி ஏறிக்கிட்டே வருது. அந்தப் பெரியவர்தான் ஓடி வந்து, மறுபடி டிரெய்லர்ல ஏத்தி வெளிய இழுக்கச் சொன்னார். அப்புறம்தான் தெரிஞ்சது: படகோட பின்பக்கத்துல அடியில ஒரு ஓட்டை இருக்கும், கரை ஏத்தினப்புறம் தண்ணி வடியறதுக்கு. அதை அடைக்கிற தக்கைதான் பங். கடல்ல இறக்கறதுக்கு முன்னாடி அதை மாட்டணும். அவ்வளவுதான் விஷயம். கைக்கட்டைவிரல் சைஸ் சாமான்.

அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம். வீட்டுக்கு வந்து நானே நாலு பேருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிச் சிரிச்சேன். அடுத்த சம்பவத்தை யாருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லலை. இப்பத்தான் முதல் தடவை எழுதறேன்.

2024 ஜனவரி. இங்க அது நல்ல கோடை. நான், பங்காளி, பொண்ணு மூணு பேரும் போயிட்டுத் திரும்பி வரோம். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டு. அது ஒண்ணுதான் அன்னிக்கு நாங்க ஒழுங்காப் பண்ணினது. நான் பின்னாடி உக்காந்து எஞ்சின் கைப்பிடியைப் பிடிச்சிருக்கேன். அதுக்குப் பேர் டில்லர். பொண்ணு நடுவுல. பங்காளி முன்னாடி நுனியில, என்னைப் பாத்து உக்காந்து பேசிக்கிட்டே வரார். அதாவது படகு போற திசைக்கு அவர் முதுகு. கரைக்குக் கிட்ட பாய்மரப் படகுகள் வரிசையாக் கட்டிக் கிடக்கு. நடுவுல புகுந்து வரோம், கொஞ்சம் வேகமாவே.

திடீர்னு பங்காளி கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பாத்தவர் கத்தினார், "ரைட்டு! ரைட்டு! பங்காளி, ரைட்டு!"

நீங்களே சொல்லுங்க. தமிழ்நாட்டுல டவுன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வளர்ந்தவன் காதுல "ரைட்டு ரைட்டு"ன்னு விழுந்தா என்ன அர்த்தம்? வண்டியை எடுக்கலாம்னு அர்த்தம். நான் கைப்பிடியைத் திருகி வேகத்தைக் கூட்டினேன்.

அவர் முகம் வெளுத்துப் போச்சு. அப்பத்தான் உறைச்சுது, வலது பக்கம் திருப்பச் சொல்றார்னு. கைப்பிடியை வலது பக்கம் பலமாத் தள்ளினேன். படகு ஒரு வெட்டு வெட்டி இடது பக்கம் திரும்புச்சு. வலப்பக்கம் ஒரு ஆரஞ்சு நிற மிதவையும், அதுக்கு முன்னால நீச்சல் தொப்பி போட்ட ஒரு தலையும் கடந்து போச்சு. துடுப்பை நீட்டியிருந்தா தொட்டிருக்கலாம். எஞ்சினை நிறுத்தினேன். சத்தம் அடங்கினதும் பொண்ணு அழற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அறுபது எழுபது வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு. நீந்திக்கிட்டே கிட்ட வந்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. மூச்சு வாங்கிக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க:

"உங்க ரெண்டு பேர்ல ஸ்கிப்பர் யாரு?"

நான் பங்காளியைப் பாத்தேன். பங்காளி என்னைப் பாத்தார். ரெண்டு பேருக்கும் பதில் இல்லை. ஆளுக்குப் பாதின்னு காசு போட்டோமே தவிர, இதை நாங்க யோசிச்சதே இல்லை. இந்த ஊர்ச் சட்டப்படி எந்தப் படகுக்கும், அது எவ்வளவு சின்னதா இருந்தாலும், ஒரு ஸ்கிப்பர் உண்டு. படகுக்கும் அதுல இருக்குற உயிர்களுக்கும் அவர்தான் பொறுப்பு. அதுல பாதிப் பங்கெல்லாம் கிடையாது.

அந்த அம்மா தலையை ஆட்டிட்டு நீந்திப் போயிட்டாங்க. நாங்க ஆமை வேகத்துல கரைக்கு வந்தோம்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் படகு தார்ப்பாய்க்குள்ளயே கிடந்துச்சு. வித்துடலாம்னு பங்காளி சொன்னார். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. ஒரு நாள் ராத்திரி தங்கமணிதான் சொன்னாங்க, "விக்கிறதுன்னா வித்துடுங்க. வச்சுக்கறதுன்னா நாம ரெண்டு பேருமே போய்ப் படிக்கணும். நீங்க தண்ணியில விழுந்துட்டா நானும் புள்ளையும் என்ன பண்ணுவோம்?" அந்தக் கேள்விக்கும் என்கிட்ட பதில் இல்லை.

இங்க கோஸ்ட்கார்டு நடத்துற 'டே ஸ்கிப்பர்'னு ஒரு ஆரம்பப் பாடம் உண்டு. மூணு பேருமாப் போய்ச் சேர்ந்தோம். வாத்தியார் ரிட்டையர் ஆன மாலுமி. இந்தத் தடவை வெக்கத்தை விட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் பலகையில படகை வரைஞ்சு, ஆளுக்கொரு அம்புக்குறி போட்டு விளக்கினார். அதைப் பாத்தப்பதான் எனக்கு அடிவயிறு கலங்கிச்சு.

பங்காளி என்னைப் பாத்து உக்காந்திருந்தார். அதனால அவர் சொன்ன 'ரைட்டு' அவரோட வலது, எனக்கு அது இடது. நான் அதை என்னோட வலதுன்னு நினைச்சேன். முதல் தப்பு. வலது பக்கம் போறதுக்காக டில்லரை வலது பக்கம் தள்ளினேன். ஆனா டில்லரை வலது பக்கம் தள்ளினா படகு இடது பக்கம் போகும். ரெண்டாவது தப்பு. ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு, படகு போகவேண்டிய பக்கமே போச்சு. அன்னிக்கு நான் ரெண்டுல ஏதாவது ஒண்ணை மட்டும் சரியாப் பண்ணியிருந்தா, நேரா அந்த அம்மா மேல ஏத்தியிருப்பேன்.

வாத்தியார் சாக்பீஸைக் கீழ வச்சுட்டு, "இதுக்குத்தான் போர்ட், ஸ்டார்போர்ட்"னார்.

நான் பந்தான்னு நினைச்சது அன்னிக்குத்தான் புரிஞ்சது. இடது வலதுங்கறது ஆளைப் பொறுத்தது. போர்ட், ஸ்டார்போர்டுங்கறது படகைப் பொறுத்தது. நீ முன்னாடி பாத்து நின்னாலும், பின்னாடி பாத்து நின்னாலும், மல்லாக்கப் படுத்துக் கிடந்தாலும் படகோட ஸ்டார்போர்ட் மாறாது. யோசிக்க நேரமில்லாத நேரத்துல ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கணும். எங்க 'ரைட்டு'க்கு மூணு அர்த்தம் இருந்துச்சு.

இந்த வார்த்தைகளோட பூர்வீகமும் சுவாரசியம்தான். பழங்காலத்து ஐரோப்பியப் படகுகள்ல சுக்கான் பின்னாடி நடுவுல இருக்காது. வலப்பக்கம் தொங்குற பெரிய துடுப்புதான் சுக்கான். அது இருந்த பக்கம் 'ஸ்டீர்-போர்ட்', அதுவே மருவி ஸ்டார்போர்ட். துறையில கட்டும்போது அந்தத் துடுப்பு நசுங்கக்கூடாதுன்னு மறுபக்கத்தைக் கரையோரமா வைப்பாங்க. துறையைப் பாத்த பக்கம்தான் போர்ட். முதல்ல இடப்பக்கத்துக்கு இன்னொரு பேர் இருந்துச்சு, 'லார்போர்ட்'. புயல்ல கத்தும்போது லார்போர்டும் ஸ்டார்போர்டும் காதுல ஒரே மாதிரி விழும்ல? அதனால 1844-ல பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைத் தூக்கிட்டு போர்ட்டைக் கட்டாயமாக்குச்சு.

இன்னொண்ணு கேளுங்க. என்னோட டில்லர் தப்பை ஒரு காலத்துல பெரிய கப்பல்கள்லயே சட்டமா வச்சிருந்தாங்க. 'ஸ்டார்போர்ட்'னு ஆணை குடுத்தா டில்லரை ஸ்டார்போர்ட் பக்கம் தள்ளுன்னு அர்த்தம். கப்பல் போர்ட் பக்கம் திரும்பும். 1912-ல டைட்டானிக் பனிப்பாறையைப் பாத்தப்ப குடுத்த ஆணை 'ஹார்ட் எ ஸ்டார்போர்ட்', கப்பல் திரும்பினது போர்ட் பக்கம். 1930-களின் தொடக்கத்துலதான் பிரிட்டன் இந்த வழக்கத்தை மாத்துச்சு. ஒரு வார்த்தையைச் சரி பண்ண அவங்களுக்கே அவ்வளவு நாள்.

போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை. இதை மறக்காம இருக்க நான் கண்டுபிடிச்ச வழி: இடதுசாரின்னா சிவப்பு! வாத்தியாருக்குச் சொன்னேன், அவருக்கும் பிடிச்சிருச்சு.

ஃப்ரிட்ஜ்ல ஒட்டின அந்த நாலு தாளும் ஒரு பாடம் சொல்லிக் குடுத்துச்சு. 'திரும்பி வரும்போது சிவப்பு வலது'ன்னு அதுல ஒரு சூத்திரம். துறைமுகத்துக்குள்ள வரும்போது சிவப்பு மிதவையை வலப்பக்கம் வச்சுக்கணுமாம். அமெரிக்காவுக்கு அது சரி. உலகத்துல மிதவைக்கு ரெண்டு முறை இருக்கு. வட, தென் அமெரிக்காவும் ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸும் ஒரு பக்கம். நியூசிலாந்து, இந்தியா உள்பட மத்தவங்க இன்னொரு பக்கம். இங்க உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம் இருக்கணும். அந்தத் தாளை நம்பி வந்திருந்தா பாறையில போய்க் குந்தியிருப்போம். தாளைக் கிழிச்சுப் போட்டாச்சு.

மத்ததைச் சுருக்கமாச் சொல்றேன். 'நாட்'னா மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கயித்துல முடிச்சுப் போட்டுக் கடல்ல விட்டு, குறிச்ச நேரத்துல எத்தனை முடிச்சு கையைத் தாண்டுதுன்னு எண்ணின காலத்துப் பேரு. இங்க கரையிலேர்ந்து 200 மீட்டருக்குள்ளயும், நீந்தறவங்களுக்கு 50 மீட்டருக்குள்ளயும் 5 நாட்டுக்கு மேல போகக்கூடாது. மணிக்கு 9 கிலோமீட்டர்தான். அன்னிக்கு நாங்க போனது நிச்சயமா அதுக்கு மேல.

'ஷீட்'னா பாய்னு நான் நினைச்சிருந்தேன். நமக்குப் படுக்கவும் பாய், கப்பலுக்கும் பாய். அந்த மாதிரி அவங்களுக்குப் பெட்ஷீட்டும் கப்பல் ஷீட்டும்னு கணக்குப் போட்டேன். கிடையாது. பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறுதான் ஷீட். பாயை மேல ஏத்துற கயிறு ஹால்யார்டு. சின்னப் படகைக் கட்டுற கயிறு பெயின்டர். படகுல வெறும் 'கயிறு'ன்னு சொன்னா எந்தக் கயிறுன்னு தேடறதுக்குள்ள காரியம் கெட்டுப்போகும்.

'மேடே' உங்க எல்லாருக்கும் தெரியும். 'உதவி பண்ணுங்க'ங்கற பிரெஞ்சுச் சொல்லோட ஒலி அது. ரேடியோவுல 16-ம் சேனல்ல மூணு தடவை சொல்லணும். அதைத் தங்கமணிதான் வகுப்புல முதல்ல சொல்லிக் காட்டினாங்க, குரல் நடுங்காம. எஞ்சினை நிறுத்துற 'கில் கார்டு' கயித்தையும் இப்ப எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஓட்டறவர் அதை உடம்புல மாட்டிக்கணும். அவர் விழுந்தா எஞ்சின் தானா நின்னுடும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சொத்துன்னு நினைச்சுடாதீங்க. இங்க துறையில ரெட்டை உடம்புப் படகு ஒண்ணு நின்னா அதுக்குப் பேரு கேட்டமரான். நம்ம கட்டுமரம்தான்! 1697-ல வந்த தன்னோட புத்தகத்துலயே டாம்பியர் நம்ம சோழமண்டலக் கரையில பாத்த கட்டுமரத்தைப் பத்தி எழுதியிருக்கார். ஆனா நம்மளுது மரத்தைச் சேர்த்துக் கட்டினது. ரெட்டை உடம்பு பசிபிக் தீவுக்காரங்க பாணி, மாவோரிகள் 'வாகா ஹோவுருவா'ம்பாங்க. பேரு நம்மளுது, உருவம் அவங்களுது. நாமும் மத்தவங்ககிட்ட வாங்கியிருக்கோம். நங்கூரம் பாரசீகத்துலேர்ந்து, மாலுமியும் சுக்கானும் அரபியிலேர்ந்து. வெலிங்டன்ல இருக்குற டே பாப்பா அருங்காட்சியகத்துல தமிழ் எழுத்து பொறிச்ச ஒரு கப்பல் மணி இருக்கு. 1836 வாக்குல கொலென்சோங்கற பாதிரியார் பாத்தப்ப, மாவோரிப் பெண்கள் அதுல உருளைக்கிழங்கு வேகவச்சுக்கிட்டு இருந்தாங்களாம்.

நம்ம கடலோரத்துலயும் படகோட முன்பக்கத்துக்கு 'அணியம்'னு தனிப்பேரு உண்டு. காத்துக்கு வாடை, கொண்டல், கச்சான்னு திசைவாரியாப் பேரு. ஆள் எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் மாறாத பேரு. பந்தாவுக்கா வச்சாங்க? கடல்ல உயிரோட திரும்பி வர்றவங்க வச்ச பேரு அதெல்லாம். உங்கள்ல கடலோரத்து ஆளுங்க இருந்தா உங்க ஊர் வார்த்தைகளை எழுதுங்க, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

படகை விக்கலை. ஏறும்போதே இன்னிக்கு ஸ்கிப்பர் யாருன்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் எஞ்சினைத் தொடுவோம். முன்னாடி உக்காந்து பாத்துச் சொல்றது பொண்ணோட வேலை. "அப்பா, ஸ்டார்போர்டுல கயாக்!"ம்பா. பங்காளி அவளுக்குச் சித்தப்பா. அவர் வாய் தவறி "ரைட்டு"ன்னுட்டா ஒரு டாலர் அபராதம். உண்டியல் ரொம்பிக்கிட்டு இருக்கு.

போன மாசம் படகுத்துறையில நம்ம ஊர் முகமா ஒருத்தர். புதுசா வாங்கின படகு. கூட மனைவியும் ரெண்டு சின்னப் பசங்களும். பக்கத்துல இருந்தவர் அவர்கிட்ட "பங் போட்டாச்சா?"ன்னு கேட்டார். அவர் சிரிச்சுக்கிட்டே "யெஸ் யெஸ்"ன்னார்.

அந்த "யெஸ் யெஸ்" எனக்கு நல்லாத் தெரியும். கிட்டப் போனேன். "தமிழா?"ன்னேன். ஆமான்னார்.

"பங்குன்னா பின்னாடி அடியில இருக்குற தக்கைங்க. போட்டிருக்கீங்களான்னு கேக்குறார். எனக்கும் முதல் நாள் தெரியாது, செருப்பு மிதந்துச்சு."

அவர் படகுக்குப் பின்னாடி குனிஞ்சு பாத்தார். நிமிர்ந்து, காருக்குப் போய், சீட்டுக்கு அடியில தேடி எடுத்துட்டு வந்தார்.